முதல் டிரையத்லான் சிறியதாகவே இருக்கட்டும்

நாற்பது வயதைக் கடந்தவர்களிடையே ஓட்டப் பயிற்சியும் மிதிவண்டிப் பயணமும் பெருகி வருவதை நம் நகரங்களின் அதிகாலைச் சாலைகளில் எவரும் காணலாம். அவ்வாறு ஓடத் தொடங்கியவர்களில் பலர், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் டிரையத்லான் என்னும் முப்போட்டியை நாடுகின்றனர். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இதே வரிசையில், இடையில் ஓய்வின்றிச் செய்து முடிப்பதே இப்போட்டி. இந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. ஆயினும், புதியவர்கள் தம் முதல் போட்டியாக எதைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. நாற்பத்து மூன்றாம் வயதில் இந்த விளையாட்டில் கால் வைத்தவன் என்ற முறையிலும், பிறருடைய கடன் விண்ணப்பங்களை நாள்தோறும் பரிசீலிக்கும் வங்கி அலுவலர் என்ற முறையிலும் அக்கருத்தை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

டிரையத்லானில் பல தொலைவுகள் உண்டு. ஸ்பிரின்ட் எனப்படும் சிறிய வகையில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற வகை இதைப் போல் இரு மடங்கு: 1.5, 40, 10 கிலோமீட்டர்கள். அடுத்தது அயர்ன்மேன் போட்டியின் பாதித் தொலைவு: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் மிதிவண்டி, 21.1 கிலோமீட்டர் ஓட்டம். முழு அயர்ன்மேன் என்பது 3.8, 180, 42.2 கிலோமீட்டர்கள்.

இந்தியாவில் பலருடைய கற்பனையைக் கவர்ந்தது இவற்றுள் மூன்றாவது வகை. 2019 அக்டோபரில் கோவாவின் பணஜியில், மிராமர் கடற்கரையை மையமாகக் கொண்டு பாதி அயர்ன்மேன் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. பெருந்தொற்றினால் இரண்டு ஆண்டுகள் தடைப்பட்டு, 2022 நவம்பரில் மீண்டும் நடந்தது. அதுவரை வெளிநாடு சென்றால்தான் கிட்டும் என்றிருந்த ஒன்று, இரவு நேரப் பேருந்தில் சென்று சேரக்கூடிய தொலைவுக்கு வந்துவிட்டது. நான் பணிபுரியும் புனே நகரில் அதன் தாக்கம் கண்கூடு. மிதிவண்டிக் கடைகளிலும், ஓட்டக் குழுக்களிலும், வங்கியின் உணவு இடைவேளையிலும் அதே பேச்சு.

எங்கள் அலுவலகத்தில் பணியாற்றும் தமிழ் இளைஞர் ஒருவர், வயது முப்பத்தெட்டு, ஒருநாள் என்னிடம் வந்து, அந்தப் போட்டியில் பெயர் பதிவு செய்யப்போவதாகவும் அதற்கென மிதிவண்டி வாங்கத் தனிநபர் கடன் பெற எண்ணியிருப்பதாகவும் கூறினார்.

“தம்பி, முதலில் ஒரு சிறிய போட்டியில் கலந்துகொண்டு பார்க்கலாமே?” என்றேன்.

“ஐந்து கிலோமீட்டர் ஓடினேன் என்று சொன்னால் வீட்டில்கூட யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள் சார். கோவா என்று சொன்னால்தான் மதிப்பு.”

“நீந்தத் தெரியுமா?”

“கற்றுக்கொள்வேன் சார். இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே.”

இந்த உரையாடலில் உள்ள மூன்று செய்திகளையும், அதாவது மதிப்பையும் நீச்சலையும் கடனையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சிறியதே தொடக்கம்

சிறிய போட்டி என்பது பெரிய போட்டியின் குறைந்த வடிவம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. இன்று நாம் அறியும் டிரையத்லான், 1974 செப்டம்பர் 25ஆம் நாள், ஒரு புதன்கிழமை மாலையில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள மிஷன் பே என்னும் கடற்கழிப் பகுதியில் பிறந்தது. அந்நகரின் ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹன் ஆகிய இருவர் அதனை ஏற்பாடு செய்தனர். கலந்துகொண்டோர் 46 பேர். ஓட்டம் மொத்தமாக ஒன்பதரை கிலோமீட்டரளவு. மிதிவண்டி எட்டு கிலோமீட்டர். நீச்சல் அரை கிலோமீட்டருக்கும் குறைவு. வேலை நாளின் முடிவில், அலுவலகம் விட்டு வந்தவர்கள் கலந்துகொள்ளத்தக்க அளவிலேயே அப்போட்டி வகுக்கப்பட்டிருந்தது.

அந்த 46 பேரில் ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியும் ஒருவர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1978 பிப்ரவரியில், ஹவாயில் முதல் அயர்ன்மேன் போட்டியைத் தொடங்கியவர் அவரே. அதில் புறப்பட்டவர்கள் 15 பேர்; முடித்தவர்கள் 12 பேர். உலகின் மிகப் பெரிய டிரையத்லானை உருவாக்கியவரே தம் முதல் போட்டியைச் சிறிய அளவில்தான் முடித்தார் என்பதை, ‘சிறியதில் மதிப்பு இல்லை’ என்று கருதும் நண்பர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரில் இருக்கிறது சோதனை

இரண்டாவது செய்தி நீச்சல். என் கருத்துக்கு அடிப்படையான காரணமும் இதுவே. ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம். மிதிவண்டியில் களைத்தால் ஓரமாக நிறுத்தலாம். நீரில் களைப்பவருக்கு அந்த வசதி இல்லை.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடைபெற்ற டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த மருத்துவ ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. திடீர் மரணங்கள், இதயம் நின்றபின் மீட்கப்பட்டவர்கள், விபத்து மரணங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து 135 நிகழ்வுகள் அதில் பதிவாகியுள்ளன. அவற்றுள் 90 நீச்சலின்போது நிகழ்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் 85 விழுக்காட்டினர் ஆண்கள். சராசரி வயது ஏறத்தாழ 47. உடற்கூறாய்வு விவரம் கிடைத்தவர்களுள் கணிசமானோரிடம், வெளியே எந்த அறிகுறியும் காட்டாத இதயக் குறைபாடு இருந்தது தெரியவந்தது. இத்தகைய நிகழ்வுகள் ஒரு லட்சம் பங்கேற்பாளர்களுக்கு இரண்டுக்கும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே அஞ்சி ஒதுங்கத் தேவையில்லை. ஆனால், நாற்பதுகளில் உள்ள ஆண்களாகிய நாம்தான் அந்தப் பட்டியலில் மிகுதியாக இருக்கிறோம் என்பதை அறியாதவர்போல் நடந்துகொள்ளவும் கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. ஆகிய பரிசோதனைகளைச் செய்து, மருத்துவர் கூறினால் டிரெட்மில் சோதனையும் முடித்து, அதன் பிறகே நுழைவுக் கட்டணம் செலுத்துவது முறை.

நம்மில் பெரும்பாலோர் நீச்சலைப் பிள்ளைப் பருவத்தில் கற்கவில்லை. கிணறும் ஆறும் இருந்த ஊர்களில் வளர்ந்தவர்கள் மிதக்கத் தெரிந்திருப்பார்கள். ஆனால் மூச்சை ஒழுங்குபடுத்தி இருபது நிமிடம் தொடர்ந்து நீந்துவது வேறு கலை. நான் பயிற்சியைத் தொடங்கிய முதல் மாதத்தில், 25 மீட்டர் நீளமுள்ள குளத்தின் மறுமுனையை அடைந்தவுடன் நின்று மூச்சு வாங்குவேன். கைகால்களில் வலு இல்லாமை அதற்குக் காரணம் அன்று. நீருக்குள் மூச்சை வெளியே விடாமல் அடக்கி வைப்பதே காரணம் என்பதைப் பயிற்றுநர் எடுத்துக் காட்டினார். நீரில் முகம் புதைந்திருக்கும்போது மூச்சை மெல்ல வெளியே விட்டு, தலையைத் திருப்பும்போது உள்ளே இழுக்கப் பழகியபின், ஆறு மாதத்தில் நிற்காமல் முப்பது நீளங்கள், அதாவது 750 மீட்டர், நீந்த முடிந்தது. அதனை அடுத்துத்தான் பெயர் பதிவு செய்தேன்.

அந்த முதல் போட்டியும் ஒரு குடியிருப்பு வளாகத்தின் நீச்சல் குளத்திலேயே தொடங்கியது. கண்ணாடி நழுவினால் ஆழம் குறைந்த முனையில் நின்று சரிசெய்துகொள்ளலாம். கரையில் உயிர்காப்பாளர் நிற்பது கண்ணுக்குத் தெரியும். கடலில் அடியில் கோடு இல்லை, சுவர் இல்லை, பக்கத்தில் நீந்துபவரின் கை நம் முகத்தில் படும், மிதவை எங்கே என்று அடிக்கடி தலைதூக்கிப் பார்த்துத் திசையறிய வேண்டும். குளத்தில் 750 மீட்டரை அமைதியாக முடித்த ஒருவருக்கே இவையெல்லாம் புதிய பாடங்கள். குளத்தையே முழுமையாகக் கற்காதவர் அவற்றை 1.9 கிலோமீட்டர் கடல்நீரில், போட்டி நாளன்று கற்க முற்படுவது அறிவுடைமை ஆகாது.

புதியவர்களுக்குத் துணிவு தரும் சில விதிகளையும் இங்கே குறிப்பிடுவது பொருத்தம். எந்த வகை நீச்சலும் ஏற்கப்படுகிறது. முன்னோக்கு நீச்சலில் களைத்தவர் மார்பு நீச்சலுக்கு மாறலாம், மல்லாந்தும் மிதக்கலாம். கடலிலோ ஏரியிலோ நடக்கும் போட்டியில் காவல் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். அதைப் பற்றிக்கொண்டு முன்னேறுவதுதான் கூடாது. ஓட்டத்தில் நடப்பதற்குத் தடையில்லை. மாறாக, தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமல் மிதிவண்டியைத் தாங்கியிலிருந்து எடுத்தால் தண்டனை உண்டு. உதவி கேட்டுக் கை உயர்த்துவது எவருக்கும் இழுக்கு ஆகாது.

நேரக் கணக்கு

வணிகவியல் படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் மனம் அமையாது. நடுத்தரப் பயிற்சி பெற்ற ஒரு புதியவரை எடுத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு மூன்று நிமிடம் என நீந்தினால் 750 மீட்டருக்கு இருபத்திரண்டரை நிமிடம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டிக்கு ஒரு மணி நேரம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என ஓடினால் நாற்பது நிமிடம். உடை, காலணி மாற்றும் இரண்டு இடைவேளைகளுக்கும் சேர்த்து எட்டு நிமிடம். மொத்தம் இரண்டு மணி பத்தரை நிமிடம்.

இதில் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் எங்கே குறைப்பது? நீச்சலை நூறு மீட்டருக்கு இரண்டரை நிமிடமாக உயர்த்தப் பல மாதப் பயிற்சி வேண்டும். கிடைக்கும் ஆதாயம் மூன்றே முக்கால் நிமிடம். ஓட்டத்தைக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் விரைவாக்கினால் இரண்டரை நிமிடம். ஆனால் மாற்று இடைவேளைகளைப் பாதியாக்கினால், வியர்வை சிந்தாமலே நான்கு நிமிடம் மிச்சமாகும். வீட்டு வாகன நிறுத்தத்தில் ஒரு துண்டை விரித்து, தலைக்கவசம், காலணி, காலுறை, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை எடுக்க வேண்டிய வரிசையில் அடுக்கி, நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பழகினால் போதும். டிரையத்லானில் ஈடுபடுவோர் இந்த மாற்றத்தை நான்காவது விளையாட்டு என்று அழைப்பது வீண் பேச்சன்று.

இன்னொரு பழக்கமும் தேவை. மிதிவண்டியிலிருந்து இறங்கியவுடன் ஓடினால் தொடைகள் மரக்கட்டைபோல் கனக்கும். அடி எடுத்து வைப்பதே வேறொருவர் கால்களால் என்று தோன்றும். வாரத்தில் ஒருநாள் மிதிவண்டிப் பயிற்சி முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஓடிப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. நீச்சலுக்கு மூன்று நாள், மற்ற இரண்டுக்கும் தலா இரண்டு நாள் என்பது, அலுவலகமும் குடும்பமும் உள்ளவர் தாங்கக்கூடிய பயிற்சி. இரண்டு பயிற்சிகளை ஒரே நாளில் சேர்த்துக்கொண்டால் வாரத்தில் ஒருநாள் ஓய்வும் கிட்டும். பாதி அயர்ன்மேனுக்கு வார இறுதியில் மிதிவண்டிக்கே நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த நான்கு மணி நேரத்தை வீட்டில் யார் தருகிறார்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டிய செலவே.

மிதிவண்டியும் மாதத் தவணையும்

மூன்றாவது செய்தி கடன். வங்கி அலுவலரே கடன் வாங்க வேண்டாம் என்று எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். வீடு, கல்வி, தொழில் ஆகியவற்றுக்குக் கடன் பெறுவதில் பொருள் உண்டு. காலப்போக்கில் அவை மதிப்பையோ வருமானத்தையோ கூட்டுகின்றன. கார்பன் இழையாலான பந்தய மிதிவண்டி, கடையை விட்டு வெளியேறிய நாளிலேயே மதிப்பில் குறைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள மிதிவண்டிக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 4,980 ரூபாய். மூன்றாண்டு முடிவில் வட்டியாக மட்டும் 29,000 ரூபாய்க்கு மேல் செலுத்தியிருப்போம். இடையில் ஆர்வம் குன்றினாலும், முழங்கால் வலித்தாலும், வேறு ஊருக்குப் பணி மாறுதல் வந்தாலும் தவணை நிற்காது.

சிறிய போட்டிக்கு இந்தச் செலவு எதுவும் தேவையில்லை. நிறுத்துக் கருவிகள் சரியாக இயங்கும் எந்த மிதிவண்டியும், நன்கு பொருந்தும் தலைக்கவசமும் இருந்தால் 20 கிலோமீட்டரைக் கடக்கலாம். என் மகன் கல்லூரிக்குச் செல்லும் கியர் மிதிவண்டியில்தான் நான் என் முதல் போட்டியை முடித்தேன். போட்டிக்கு முதல் நாள் சக்கரங்களில் காற்றழுத்தத்தையும் சங்கிலிக்கு எண்ணெயையும் சரிபார்த்ததுடன் மிதிவண்டிச் செலவு முடிந்தது. அதே காலத்தில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் வீதம் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வருபவருக்கு ஓராண்டில் 24,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். இந்த விளையாட்டு தமக்கு ஒத்துவருகிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். அப்போது நல்ல மிதிவண்டி வாங்குவது, அறிந்து செய்யும் செலவாகும்.

பதிவுப் படிவத்துடன் வரும் பொறுப்புத் துறப்பு உறுதிமொழியையும் வாசகர்கள் முழுமையாகப் படிக்க வேண்டும். கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் படியுங்கள் என்று கிளையில் நாங்கள் வேண்டிக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. தங்கள் மருத்துவக் காப்பீட்டில் விளையாட்டுப் போட்டிகள் தொடர்பான விலக்குகள் உள்ளனவா என்பதையும் அவ்வாறே பார்த்துக்கொள்வது நலம்.

மறுதரப்பு

என் கருத்துக்கு மறுப்பும் உண்டு, அது வலுவற்றதன்று. பெரிய இலக்கு இருந்தால்தான் அதிகாலை நான்கரை மணிக்குப் படுக்கையை விட்டு எழ மனம் வரும் என்பார்கள். சிறுவயதிலிருந்தே நீந்தியவர்கள், பல மாரத்தான்களை முடித்தவர்கள், நேரடியாகப் பாதி அயர்ன்மேனில் கலந்துகொண்டு நலமாகத் திரும்பியிருக்கிறார்கள். நடிகர் மிலிந்த் சோமன் 2015இல், தம் ஐம்பதாம் வயதையொட்டி, சூரிக் நகரில் முழு அயர்ன்மேன் போட்டியையே முடித்தார். ஆனால் அவர் இளமையில் தேசிய அளவிலான நீச்சல் வீரர் என்பதை அந்தச் செய்தியைப் பகிர்வோர் நினைவுகூர்வதில்லை. நாற்பதாம் வயதில் நீரில் முதன்முறை முகம் புதைப்பவருக்கு அவர் எடுத்துக்காட்டு ஆகமாட்டார். பெரிய இலக்கை எவரும் கைவிட வேண்டியதில்லை. அது இரண்டாம் ஆண்டுக்கோ மூன்றாம் ஆண்டுக்கோ உரியதாக இருக்கட்டும் என்பதே என் வாதம். தனியாக இறங்கத் தயங்குவோர் மூவர் சேர்ந்து ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும் தொடர் பிரிவில் கலந்துகொள்ளலாம். பல போட்டிகளில் அதற்கு இடமுண்டு.

இதில் தனிமனிதர்களின் பொறுப்பைப் போலவே ஊரின் பொறுப்பும் உண்டு. கோவாவில் ஆண்டுக்கு ஒரு பெரிய போட்டி நடப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஒரு சிறிய குளப் போட்டி நடப்பது நாட்டுக்குப் பயன் தரும். நகராட்சிக் குளங்களில் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவது போல, பெரியவர்களுக்கும் ஆண்டு முழுவதும் நடத்த வேண்டும். பெண்களுக்குரிய நேரத்தை, பணிக்குச் செல்வோர் வரக்கூடிய வேளையில் ஒதுக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களும் நிறுவனங்களும் தங்கள் வளாகக் குளத்தை ஒரு ஞாயிறு காலை திறந்துவிட்டால் பாதி ஏற்பாடு முடிந்துவிடும். நீந்தத் தெரிந்த பெரியவர்கள் பெருகினால், அதன் பயன் போட்டிகளுடன் நின்றுவிடாது. ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் அது உயிர் காக்கும்.

எங்கள் அலுவலக இளைஞர் கடன் விண்ணப்பத்தை இதுவரை அளிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் குளத்துக்குச் செல்கிறார். சென்ற வாரம் நிற்காமல் எட்டு நீளங்கள் நீந்தியதாகக் கூறினார். கோவாவுக்குச் செல்லும் எண்ணத்தை அவர் விட்டுவிடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. முப்பது நீளங்கள் முடியட்டும், பிறகு பேசுவோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.